சாணி மெழுகிய கூழாங்கல் தளம்

இப்போதெல்லாம் கான்கிரீட் போட்ட மறுநாள் ஓர் ஆள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வருகிறார். பூச்சிமருந்து அடிப்பதுபோல வெள்ளையாக எதையோ அடித்துவிட்டுப் போய்விடுகிறார். அத்தோடு க்யூரிங், அதாவது கான்கிரீட் காயாமல் தண்ணீர் காட்டும் வேலை, முடிந்தது. சாக்கும் வேண்டாம், குடமும் வேண்டாம், வேலை நடக்கும் இடத்தில் நாள் முழுக்கக் கத்துவதற்கு என்னைப் போல ஒருவனும் வேண்டாம். போன மாதம் எங்கள் இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தண்ணீர் கிடைக்காத இடத்தில் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு தடவை சாணி பூசிச் சமாளித்தோம் என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர் கதை விடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. அதற்கு மேல் போனால் பக்கத்து அறையிலிருந்து என் மனைவி இருமுவாள். பெயர் அர்த்தநாரி. ராசிபுரம் பக்கம் சுண்ணாம்பு வேலை செய்த கொத்தனார் குடும்பம். மீசை சரியாக முளைப்பதற்கு முன்பே கரண்டி பிடித்தவன். சிமெண்டு வந்தபோது அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்துவிட்டது. சுண்ணாம்பு நமக்காகக் காத்திருக்கும், சிமெண்டு காத்திருக்காது. என் அவசர புத்திக்கு அதுதான் தோதாக இருந்தது. இலாகாவில் தினக்கூலியாக நுழைந்து, ஒர்க் இன்ஸ்பெக்டராகி, அதிலேயே ஓய்வும் பெற்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் அர்த்தநாரி பார்த்த தளம் பொரிந்துபோனது என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. இதைத் தற்பெருமை என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு மேலே இருந்தவர் ஓவர்சியர் சபாபதி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தளமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். பக்தி ஒன்றும் இல்லை. வெறுங்காலுக்குத் தெரிகிற மேடுபள்ளம் ரசமட்டத்துக்குக்கூடத் தெரியாது என்பது அவர் கட்சி. ஏறியதும் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பார். மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அவர் இப்படித் தடவியபோது கையெல்லாம் வெள்ளையாக மாவு ஒட்டியது. காண்டிராக்டருடைய ஆட்கள் மத்தியான வெயிலில் தண்ணீர் காட்டாமல் தூங்கியிருக்கிறார்கள். ஓவர்சியர் அந்தக் கையைத் தன் கறுப்புக் குடையில் துடைத்தார். வெள்ளைக் கைத்தடம் அப்படியே பதிந்தது. அந்தக் குடையைத் தட்டாமல் துடைக்காமல், காண்டிராக்டர் போகிற இடமெல்லாம் அவர் எதிரிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். காண்டிராக்டர் தாங்க முடியாமல், உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். தண்ணீர் காட்டுவது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு மேட்டில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்று கட்டும் வேலை எங்களுக்கு வந்தது. நாலு கட்டில் போடுகிற கூடம், ஒரு மருந்து அறை, பின்னால் நர்ஸம்மா தங்க ஒரு வீடு. அப்போது மலைக்கு மோட்டார் ரோடு முடிந்திருக்கவில்லை. முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் சிமெண்டு கழுதைப் பொதியாகவும் தலைச்சுமையாகவும் ஏறி வரும். அப்படி வந்து சேர்ந்த சிமெண்டில் ஒரு கரண்டி கீழே சிந்தினாலும் எனக்கு வயிறு எரியும்.

கட்டடத்துக்கு முன்னால் அகலமாக ஒரு திறந்த தளம் போட வேண்டும். நோயாளியைக் கம்பில் துணித் தூளி கட்டித் தூக்கி வருகிறவர்கள் இறக்கி வைப்பதற்கும், கூட வந்தவர்கள் உட்காருவதற்கும் அது. மலையில் பனியும் தூறலும் மாறி மாறி விழும். வழவழவென்று பூசிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். பிறகு தூக்கி வருகிறவர்களும் வழுக்கி விழுந்து பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டியதுதான். அதனால் கூழாங்கல் வெளியே தெரிகிற மாதிரி தளம் போடலாம் என்று ஓவர்சியர் முடிவு செய்தார். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். தானே பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் ரசித்துச் செய்தேன். ஓடையில் கூழாங்கல் பொறுக்கி, சலித்து, நெல்லிக்காயைவிடப் பெரியதையும் சுண்டைக்காயைவிடச் சிறியதையும் ஒதுக்கினோம். மண் போகக் கழுவினோம். தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அடியில் ஜல்லிக் கான்கிரீட், அது இறுகுவதற்குள் மேலே கூழாங்கல் கலவை. மழைத்தண்ணீர் வடிய நடுவைச் சற்று உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தோம். மரக்கட்டையால் தட்டித் தட்டிக் கல்லை அமுக்கினால் சிமெண்டுப் பால் மேலே வந்து கல்லை மூடிவிடும். இனிமேல்தான் சூட்சுமம். அந்தப் பாலைச் சரியான நேரத்தில் தேய்த்துக் கழுவிக் கல்லை வெளியே எடுக்க வேண்டும். முந்தினால் கல்லே பெயர்ந்துவிடும், பிந்தினால் உளி வைத்தாலும் வராது.

சமவெளிக் கணக்கு மலையில் செல்லாது. அங்கே குளிரில் சிமெண்டு சோம்பேறியாகிவிடும். ஓவர்சியர் கடிகாரத்தைப் பார்க்காதே என்றார். கட்டைவிரலை அழுத்தினால் குழி விழக்கூடாது, அதே விரலின் நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், அதுதான் நேரம் என்றார். நான் கட்டத்துக்குக் கட்டம் தவழ்ந்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் வந்ததும் தேங்காய் நார்க் குச்சத்தால் மெதுவாகத் தேய்த்து, பூவாளியால் தண்ணீர் விட்டோம். பால் கரைந்து ஓட, கல் ஒவ்வொன்றாகத் தலை காட்டியது. சாம்பல், தவிட்டு நிறம், வெள்ளை, நடுநடுவே ஈரல் நிறத்தில் சில. நான் கட்டிய எதையும் அதற்கு முன் நின்று பார்த்து ரசித்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அதன்மேல் ஈரச் சாக்கு விரித்துத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தோம். அறுவடை முடியும் பனிக்காலம். பகலில் மலைக்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். கீழே ஊற்றிலிருந்து குடத்தில் சுமந்துதான் தண்ணீர் வர வேண்டும். தளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இதைத் தாண்டிக் காலெடுத்து வைத்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று ஆடு மாடு முதல் ஊர்க்கவுண்டர் வரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தியிருந்தேன்.

ஊர்க்கவுண்டரின் மனைவி வெள்ளையம்மாள். நாற்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்று வளர்ந்த பெண்மணி. எங்களுக்குக் குடமும் ஆட்களும் ஏற்பாடு செய்து தந்தவர் அவர்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் முகம் இறுகிவிடும். மூத்த மகளைப் பிரசவ வலியில் தூளி கட்டிக் கீழே கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. அதனால் ஆஸ்பத்திரி என்றாலே பிணமாகத் திரும்புகிற இடம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. இளைய மகள் பொன்னி இப்போது நிறைமாதம், பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். முன்கூட்டியே வந்து பின்வீட்டில் தங்கியிருந்த நர்ஸம்மா அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை சரியாகத் திரும்பவில்லை, வீட்டில் வைத்துப் பார்த்தால் ஆபத்து, இங்கேதான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வெள்ளையம்மாள் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவரே மகளைக் கூட்டி வராவிட்டால் அந்த மலையில் வேறு யாரும் இந்த வாசலை மிதிக்கமாட்டார்கள் என்று நர்ஸம்மா என்னிடம் கவலைப்பட்டார். நான் கட்டடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவன். ஆனாலும் அது மனதில் தைத்தது.

கடைசிக் கழுவலுக்கு ஆசிட் வேண்டும். கல்மேல் படலமாக நிற்கிற சிமெண்டுக் கறையை அதுதான் எடுக்கும். முள்ளுக்குறிச்சிக்கு வந்து சேர்ந்த கண்ணாடி ஜாடியைத் தூக்கச் சுமைக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. மூடியோரம் புகைகிறது, உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்று பயந்தார்கள். நானே இறங்கிப் போனேன். காவலாளி சடையனிடம், சாக்கு காயாமல் பார்த்துக்கொள் என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனேன். வைக்கோல் கூடையில் ஜாடியை வைத்து, கம்பில் தொங்கவிட்டு, ஓர் ஆளுக்கு இரண்டு ஆள் கூலி தருவதாகச் சொல்லி மறுமுனையைப் பிடிக்க வைத்து, மூச்சு வாங்க மலையேறி வந்து பார்த்தேன்.

தளத்தைக் காணோம்.

கூழாங்கல் இருந்த இடத்தில் பச்சைப் பசேலென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், சாணி மெழுகிய களம். நடுவில் அரிசி மாவில் பெரிய கோலம். ஒரு மூலையில் மண் விளக்கு. என் சாக்கை எல்லாம் அழுக்காக இருக்கிறதே என்று துவைத்து வேலியில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். எனக்குக் கோபத்தில் கண்ணே இருட்டியது. சடையனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னான்.

"பெரியூட்டம்மா சொன்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

வெள்ளையம்மாள் நாலைந்து பெண்களோடு வந்தார். கை இன்னும் சாணி மணத்தது. அவர் முகத்தில் எனக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் பொங்கியது.

"ஏனுங்க தம்பி, கல்லெல்லாம் துருத்திக்கிட்டுக் கெடந்துச்சு. அரைகொறையா உட்டுப்போட்டுப் போயிட்டீங்களேன்னு நாங்களே சாணி போட்டு வழிச்சு உட்டுட்டோமுங்க. புதுக்களத்த வழிக்காம மிதிக்கப்படாது பாருங்க."

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அது வெளியே வருவதற்குள் நர்ஸம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துப் போனார். பொன்னியைக் கூட்டி வருகிறேன் என்று வெள்ளையம்மாள் அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறார். நம் கையால் மெழுகி விளக்கு வைத்த பிறகு இது நம் இடம், இனிமேல் பயமில்லை என்றாராம். இதை இப்போது சுரண்டினீர்களானால், அவர் பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்வார், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்று நர்ஸம்மா அடிக்குரலில் சொன்னார்.

இது என்ன வம்பு என்று உட்கார்ந்துவிட்டேன். இன்னும் முற்றாத கான்கிரீட், அதன்மேல் சாணி. கறை ஏறிவிட்டால் கல்லின் அழகு போயிற்று. சாக்கு இல்லாத தளம் காற்றில் காய்ந்திருந்தால் பலமும் போயிற்று. ஓவர்சியர் பொறுப்பேற்ற தளம். அவர் குடையோடு வந்து நின்றால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? இருந்தாலும் மண்வெட்டியை எடுக்கக் கை வரவில்லை. ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன்.

ஓவர்சியர் மறுநாள் ஏறி வந்தார். களத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஏறிக் குந்தினார். குடை நுனியால் சாணியில் ஓர் அடை பெயர்த்து உள்ளே விரலை விட்டார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சில்லென்று ஈரம். காசை எடுத்துக் கீறினார், கோடு விழவில்லை. சாணி தீர்ந்துபோனதால் மெழுகாமல் விட்ட ஒரு மூலை இருந்தது. அங்கே தடவினார். கையில் வெள்ளை மாவு. குடை கறுப்புதான், ஆனால் இந்தத் தடவை அவர் கையைத் தடம் தெரியாத வெள்ளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சாக்கு செய்ய வேண்டிய வேலையை இது செய்திருக்கிறது. எடுக்காதே. வெடிப்பு விட்டால் மறுபடி பூசச் சொல். தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதே."

இப்படியாக, சிமெண்டு வேலையில் பேர் வாங்கிய அர்த்தநாரியாகிய நான், சாணி மெழுகும் வேலைக்கு மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தேன். அந்த மூலையை மட்டும் கொத்திப் புதிதாகப் போட்டேன். மற்ற இடத்தில் சடையன் கோலத்தைச் சுற்றிப் பூவாளியால் தெளிப்பான், வெயிலில் வெடித்த இடத்தைப் பெண்கள் பூசுவார்கள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் கனம் போதாது, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்று அதிகாரம் செய்வேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் என்றைக்காவது அதை எடுத்துத்தானே ஆக வேண்டும்? மழை வந்தால் சாணித் தரை சேறாகும், ஆஸ்பத்திரி வாசலில் ஈ மொய்க்கும். நர்ஸம்மாவுக்கும் அந்தக் கவலை இருந்தது. நான் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்தேன். வழித்த களம் எத்தனை நாளைக்கு அக்கா வழித்த களமாகவே இருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். முதல் தானியம் விழும்வரைக்கும்தான், தானியத்தை அள்ளிவிட்டால் அப்புறம் வெறும் தரைதானே, கூட்டலாம் கழுவலாம், யார் வேண்டாமென்றார்கள் என்றார் வெள்ளையம்மாள். எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. அப்படியானால் உங்கள் சாமைக் கதிரில் ஒன்றிரண்டு கட்டு இங்கேயே அடித்துவிடுங்களேன், ஆஸ்பத்திரிக்கும் ஒரு மங்களமாகப் போகும் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

கான்கிரீட் நன்றாக முற்றிய பிறகு ஒரு நல்ல நாளில் நாலு சாமைக் கட்டு வந்தது. மாட்டைக் கட்டக்கூடாது என்று மட்டும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பெண்கள் காலால் மிதித்தும் சிறு தடியால் தட்டியும் உதிர்த்தார்கள். பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். தானியத்தை அள்ளி நர்ஸம்மாவுக்கும் ஒரு முறம் கொடுத்துவிட்டு, அவர்களே துடைப்பம் எடுத்துக் கூட்டினார்கள். அவர்களே குடம் குடமாகத் தண்ணீர் விட்டார்கள். நான் நார்க் குச்சத்தை வைத்துத் தேய்க்கத் தேய்க்கச் சாணி அடை அடையாகப் பெயர்ந்து ஓடியது. கூழாங்கல் மறுபடி தலை காட்டியது. ஒரு கல்கூட அசையவில்லை. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மஞ்சளும் பச்சையுமாகக் கறை ஏறியிருந்தது. அதற்குத்தான் ஜாடி.

ஆசிட் கழுவல் என்பது விளையாட்டில்லை. முதலில் தளம் முழுக்கத் தண்ணீர் குடித்து நிறைய வேண்டும். இல்லாவிட்டால் ஆசிட் உள்ளே இறங்கிச் சிமெண்டைத் தின்றுவிடும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, நுரை பொங்கும்போதே தேய்த்து, அது அடங்குவதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். இரண்டு பக்க ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி வருவது என்று திட்டம் போட்டேன். படியிலிருந்து வாசல்வரை நடுவில் ஒரு பட்டையைக் கடைசிக்கு விட்டுவைத்தேன். தண்ணீர் சுமக்கிறவர்கள் போய்வர வழி வேண்டும் அல்லவா? நடு உயரமாக இருந்ததால் ஆசிட் அந்தப் பக்கம் ஏறாது.

காலை வெயில் ஏறுகிற நேரம். இரண்டு பக்கமும் தளம் வெள்ளை நுரையாகப் பொங்கிப் புகைந்துகொண்டிருந்தது. அப்போது மேட்டுப் பாதையில் தூளி வந்தது. முன்னால் வெள்ளையம்மாள், பின்னால் இரண்டு பேர் தோளில் கம்பு. தூளிக்குள் பொன்னி முனகும் சத்தம் எனக்குக் கேட்டது. படிக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தூக்கி வந்தவர்கள் நுரையைப் பார்த்தார்கள். தரை பொங்குது, இது நல்ல சகுனம் இல்லை, திரும்பிரலாம் என்று ஒருவன் சொன்னான். வெள்ளையம்மாளின் முகத்தில் மூத்த மகள் போன நாள் வந்து நின்றதை நான் பார்த்தேன். அவர் தூளிப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். திருப்பச் சொல்லத்தான்.

வாழ்க்கை முழுக்கக் கத்தியே வேலை வாங்கியவன் நான். அப்போது நான் கத்தவில்லை. அந்த நடுப்பட்டையில் நின்றுகொண்டு, கைக் குச்சத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, நடுவுல பாருங்க. நீங்க வழிச்ச வழி அப்படியே இருக்குது. இதுல நான் கையே வெக்கலீங்க."

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சளும் பச்சையுமாக, மங்கலாக, படியிலிருந்து வாசல்வரை அந்தக் கறை நேராக ஓடியது. விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு படியேறி முன்னால் நடந்தார். தூளி பின்னால் வந்தது. அவர்கள் வாசலைத் தாண்டியதும்தான் என் ஆட்களைப் பார்த்துக் கத்த எனக்குத் தெம்பு வந்தது. இருக்கிற குடத்தை எல்லாம் கவிழ்க்கச் சொல்லி இரண்டு பக்கமும் வெள்ளம்போல அலசினோம்.

பிற்பகலில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதற்கு முன் வெகுநேரம் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அந்த நேரத்தை நான் சொல்ல விரும்பவில்லை. நர்ஸம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். பெண் குழந்தை, கால்தான் முதலில் வந்தது, இருவரும் பிழைத்துவிட்டார்கள் என்றார். நான் அழுதேன். சடையன் பார்த்துவிட்டான். ஆசிட் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவனிடம் சொன்னேன்.

தாயும் பிள்ளையும் உள்ளே இருக்கிறவரை அந்தப் புகை கூடாது என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார். கலக்கி வைத்திருந்ததைச் சுண்ணாம்புக் குழியில் கொட்டினேன். அதற்குள் கட்டடத்தை ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கல் பளிச்சென்று மின்ன, நடுவில் மட்டும் அழுக்குப் பட்டை. வந்த பெரிய அதிகாரி அதைக் காட்டி என்ன இது என்றார். வேலை கொஞ்சம் பாக்கி இருக்கிறது, முடித்துவிடுவோம் என்றார் ஓவர்சியர். வெறுங்காலோடு அந்தப் பட்டையில் ஒருமுறை நடந்துவிட்டு வந்தவர், மழைக்காலம் முடிந்ததும் ஜாடியோடு போய் முடித்துவிட்டு வா என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

எனக்கும் அது கண்ணில் விழுந்த தூசிபோல உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற வேலைகளுக்கு நடுவிலும் அந்தப் பட்டை ஞாபகத்துக்கு வரும். என் பெயர் சொல்லும் தளத்தில் ஒரு குறை இருக்கலாமா? மழை ஓய்ந்ததும் புது ஜாடி, புது நார்க் குச்சம், ஆட்களோடு மலையேறினேன். இம்முறை ஜாடியைச் சுமக்க முள்ளுக்குறிச்சியிலேயே ஆள் கிடைத்தது. அவன் குழந்தையும் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்ததாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது தளத்துக்குக் கீழே ஒரே கூட்டம். மருந்து கொடுக்கும் நாள். கைக்குழந்தையோடு தாய்மார்கள், போர்வை போர்த்திய கிழவர்கள், கண்ணில் துணி கட்டிய ஒருவர். தளம் அவ்வளவு அகலம், பத்துப் பேர் ஒரே வரிசையில் கை கோத்துக்கொண்டு ஏறலாம். ஆனால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த நடுப்பட்டையில் மட்டும் நடந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இடம் இல்லாவிட்டால் கீழே காத்து நின்றார்கள். நான் அத்தனை பாடுபட்டுப் பளபளக்க வைத்த பக்கத்தில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. தெரியாமல் ஒரு கிழவர் அதில் ஏறப்போக, அவர் மனைவி சட்டென்று கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க வேண்டாமுங்க. வழிச்ச வழியில வாங்க."

ஜாடியை இறக்கச் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். வரிசையில் பொன்னி இருந்தாள். இடுப்பில் குழந்தை என்னைப் பார்த்து முறைத்தது. பக்கத்தில் வெள்ளையம்மாள். அவர் என்னைக் கண்டதும் வரிசையை விட்டு வந்து, நலமா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். பிறகு வைக்கோல் கூடையில் இருந்த ஜாடியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். தரைக்குப் போடுகிற மருந்து என்றேன்.

அவர் தளத்தைத் திரும்பிப் பார்த்தார். நடுப்பட்டையில் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"அதுக்கு என்னங்க தம்பி நோவு?"

ஒன்றும் இல்லை அக்கா, சும்மா கொண்டுவந்தேன் என்று சொல்லிவிட்டு, ஜாடியைத் திறக்காமல் கீழே இறக்கிக்கொண்டு போனேன்.